தட்டில் பிழைத்தவர்கள்

1

போன வாரம் மாமாவுக்குத் திதி. மாமா என்றால் என் மாமனார். படையலில் என்ன வைப்பது என்று காலையிலேயே வீட்டில் சட்டசபை கூடிவிட்டது. சாம்பார், ரசம், உளுந்த வடை, பாயசம் எல்லாம் முறைப்படி ஆகிவிட்டது. என் மகள் ப்ரியா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, தாத்தாவுக்கு வடா பாவ்தானே உயிர், அது எங்கே என்று கேட்டாள். நியாயமான கேள்வி. என் கணவர் குமார் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். அப்புறம் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய் வாங்கிவந்தார். வாழை இலையில் சாம்பார் சாதத்துக்குப் பக்கத்தில், வறுத்த பச்சை மிளகாயோடு, வடா பாவ் உட்கார்ந்திருந்தது. கோவில்பட்டியில் இருக்கும் என் அம்மா பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பாள்.

காக்கைக்குச் சோறு வைப்பது அடுத்த பாடு. புனேயில், விஷ்ராந்த்வாடியில், எங்கள் மூன்றாம் மாடி பால்கனிக்குக் காக்கை வருவதில்லை. புறாக்களின் ராஜ்ஜியம். ஒரு தடித்த புறா வந்து பாவ் ரொட்டியை மட்டும் கொத்தித் தின்றுவிட்டு வடையைச் சீந்தாமல் போய்விட்டது. அப்பாவாக இருந்தால் வடையைத்தான் முதலில் தின்றிருப்பார், இது வேறு யாரோ என்று குமார் தீர்ப்புச் சொன்னார்.

சாப்பாட்டுக்குக் குமாரின் சித்தப்பா மகன் வந்திருந்தான். கோயம்புத்தூர்ப் பையன், கராடியில் சாஃப்ட்வேர் வேலை, வந்து ஆறு மாசம்தான் ஆகிறது. பெரியப்பா எதில் போனார் என்று மரியாதைக்குக் கேட்டுவைத்தான். பெரியவர்கள் நாங்கள் வாயைத் திறப்பதற்குள் ப்ரியா, அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "ப்ராஸ்டேட் கேன்சர்" என்றாள். குமாருக்குப் புரையேறியது. தம்பி இலையில் எதையோ தேட ஆரம்பித்தான்.

எனக்கு மட்டும் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சொல்லை இந்த வீட்டில் வாய்விட்டுச் சொல்வதற்கு நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். அதை ஊரில் இருக்கும் உங்களுக்கும் சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

2

கல்யாணமாகி நான் புனேக்கு வந்தது தொண்ணூறுகளின் ஆரம்பத்தில். அமெரிக்கா, சிங்கப்பூர் போனவர்கள்தான் புலம்பெயர்ந்தவர்கள் என்று நினைப்பவர்கள் ஒரு தடவை இங்கே வந்து, மராத்தி மட்டுமே பேசுகிற ஒருவரிடம் காஸ் சிலிண்டர் ஏன் வரவில்லை என்று சண்டை போட்டுப் பார்க்கட்டும். பாஸ்போர்ட்டில் முத்திரை விழவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். மற்ற எல்லாத் திருவிழாவும் உண்டு.

வந்த புதிதில் மாமாவோடு, அவர் வீடு இருந்த தேஹு ரோடு ஊரின் கடைத்தெருவுக்குப் போனேன். அவர் விறுவிறுவென்று முன்னால் போய்விட்டார். கூட்டத்தில் தொலைந்துவிடுவேனோ என்ற பயத்தில் "மாமா, மாமா, நில்லுங்க" என்று கத்தினேன். மாமா நிற்கவில்லை, முச்சந்தியில் நின்ற போக்குவரத்துப் போலீஸ்காரர் திரும்பி என்னை முறைத்தார். இந்த ஊரில் போலீஸ்காரரைக் கிண்டலாக மாமா என்பார்களாம். அன்றைக்கு மாமா சிரித்த சிரிப்புதான் எனக்கும் அவருக்கும் நடந்த முதல் உரையாடல் என்று சொல்ல வேண்டும்.

விலங்கியல் படித்திருந்தேன். சும்மா இருக்கப் பிடிக்காமல் இங்கே ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். இன்றுவரை அங்கேதான். வேலை என்னவென்றால், செல் வளர்ப்பது. எங்கோ வெளிநாட்டில், எப்போதோ ஒரு நோயாளியின் எலும்பில் பரவியிருந்த ப்ராஸ்டேட் புற்றுநோயிலிருந்து எடுத்த செல்கள். ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார்; செல்கள் உலகம் பூராவும் ஆராய்ச்சிக் கூடங்களில் வளர்ந்துகொண்டே இருக்கின்றன. கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தட்டில், ரோஸ் நிறச் சத்துத் தண்ணீரில், உடம்புச் சூட்டில் வைத்துக் காப்பாற்ற வேண்டும். தண்ணீர் பழசானால் மாற்ற வேண்டும். கைக்குழந்தைக்குச் செய்வது எல்லாம் செய்ய வேண்டும். என் அம்மா தெருவில் எல்லோரிடமும், "எம் மவ புனாவுல கேன்சர் வளக்கா" என்று சொல்லி வைத்திருக்கிறாள். யாரும் பதில் சொல்வதில்லையாம்.

வளர்த்து என்ன செய்வது? மருந்து ஊற்றிக் கொல்வதுதான். டோசிடாக்ஸெல் என்று ஒரு மருந்து. ஊசியிலை மரம் ஒன்றிலிருந்து தொடங்கிச் செய்வது. அதைக் கொடுத்ததும் செல்லுக்குள் எந்த ஜீன் விழிக்கிறது, எந்த ஜீன் தூங்குகிறது என்று பார்ப்பது எங்கள் குழுவின் ஆராய்ச்சி.

இந்தச் செல்கள் வந்து சேர்ந்ததே ஒரு கதை. பனிக்கட்டிபோல் உறைந்த பார்சல் மும்பை விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டது. சுங்கத்துறை அதிகாரி உயிருள்ளதா, இல்லாததா என்று கேட்டார். உயிருள்ளது, ஆனால் இப்போது உறைந்திருக்கிறது என்றேன். விலங்கா, தாவரமா என்றார். மனுஷன் என்றேன். மனுஷன் என்றால் இமிக்ரேஷன் அடுத்த கட்டடம் என்று முகத்தில் ஒரு சிரிப்பில்லாமல் சொன்னார். அவர் கிண்டல் செய்தாரா, நிஜமாகவே சொன்னாரா என்று எனக்கு இன்னும் தெரியாது. ஐஸ் உருகுவதற்குள் பார்சலை விடுவித்தேன், அது போதும்.

3

மாமா வேலூர்ப் பக்கத்துக்காரர். மீசை முளைக்கிற வயதில் தேஹு ரோடு ராணுவத் தளவாட டிப்போவில் வேலைக்குச் சேர்ந்து, ஸ்டோர் கீப்பராக ஓய்வு பெற்றவர். அவர் பேச்சில் வேலூர் பாதி, இந்தி கால், மராத்தி கால். அங்கேயே ரயில் நிலையத்துக்குக் கிட்டத்தில் சின்ன வீடு. அத்தை இருந்தவரை இரண்டு பேரும் அங்கேதான். அத்தை போன பிறகும் மாமா அங்கேயேதான், வாரத்துக்கு ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்துபோவார்.

எனக்கும் மாமாவுக்கும் சண்டை ஒன்றும் கிடையாது. பேச்சும் கிடையாது. காபி, சாப்பாடு, மழை வருகிறது, துணியை எடு. இதற்கு மேல் மாமனாரும் மருமகளும் என்ன பேச இருக்கிறது? மற்றதெல்லாம் அத்தை வழியாகப் போகும், அத்தை வழியாக வரும். அத்தை போன பிறகு அந்தத் தபால் வேலை ப்ரியா தலையில் விழுந்தது. அப்போது அவள் சின்னப் பெண். அவளுக்குத் தமிழ் தடுக்கித் தடுக்கித்தான் வரும். தாத்தா சொன்னதை வழியிலேயே இந்தியாக்கி, மிச்சத்தைத் தமிழாக்கி என்னிடம் கொண்டுவந்து கொட்டுவாள்.

ஒருநாள் அப்படித்தான், "அம்மா, தாத்தாக்கு சூசூ சரியா வர்லயாம், பாபாகிட்ட சொல்லு, உன்கிட்ட சொல்லக் கூடாதாம்" என்றாள். சூசூ என்றால் மூத்திரம், பாபா என்றால் அவள் அப்பா. சொல்லக் கூடாதென்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள்.

கோவில்பட்டியில் என் பெரியப்பா இப்படித்தான் ராத்திரி பூராவும் எழுந்து எழுந்து போவார். வீட்டில் அதற்கு நீர்க்கடுப்பு என்று பெயர் வைத்து, இளநீரும் பார்லித் தண்ணீரும் கொடுத்தார்கள். இடுப்பு வலிக்கு எண்ணெய் தேய்த்தார்கள். என்ன செய்கிறது என்று அவரிடம் நேராகக் கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை. அந்த வெட்கத்திலேயே அவர் காலம் முடிந்தது. இப்போது என் படிப்பை வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தால் அது என்ன நோய் என்று எனக்கு நன்றாகவே தெரிகிறது.

அதனால் குமாரை நச்சரித்து மாமாவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். சந்தேகப்பட்டதுதான். எலும்பிலும் பரவியிருந்தது. ஹார்மோனை அடக்கும் ஊசி போட்டார்கள். இரண்டு வருஷம் போல நன்றாக இருந்தார். பிறகு ஊசிக்கு நோய் அடங்கவில்லை. இடுப்பு வலி திரும்ப வந்தது. டாக்டர் அடுத்த மருந்தை எழுதிக் கொடுத்தார். மூன்று வாரத்துக்கு ஒருமுறை டிரிப்பாக ஏற்ற வேண்டும். சீட்டை வாங்கிப் பார்த்தேன். நான் தினம் தட்டில் ஊற்றுகிற அதே டோசிடாக்ஸெல்.

4

சிகிச்சைக்காக மாமா எங்கள் வீட்டுக்கு வந்து தங்கினார். இப்போது நிலைமையைப் பாருங்கள். அந்த நோயைப் பற்றியும் அந்த மருந்தைப் பற்றியும் வீட்டில் ஓரளவுக்குத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதைப் பற்றிப் பேசக் கூடாதவளும் நான் ஒருத்திதான். குமாரை நடுவில் விட்டுப் பார்த்தேன். நோயின் பெயரைச் சொல்வதற்குள் அவர் காது சிவந்துவிடும், "அப்பா, அதான்... அது..." என்று இழுத்துவிட்டு, டீ சாப்பிடுகிறீர்களா என்று முடித்துவிடுவார். வாயில் என்ன கொழுக்கட்டையா என்று நான் கேட்பேன். அவர் அப்பாவிடம் நீயே பேசேன் என்பார்.

வழியைக் கண்டுபிடித்தது மாமாதான். சாயங்காலம் நான் வேலை விட்டு வரும்போது பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். முதல் டிரிப் ஏறிய வாரத்தில் ஒருநாள், தெருவைப் பார்த்துக்கொண்டே, "இன்னாம்மா, உன் லேபுல அவங்க எப்பிடி கீறாங்க?" என்று கேட்டார். யார் என்று எனக்கு ஒரு நொடி விளங்கவில்லை. என் தட்டில் இருக்கும் செல்களைக் கேட்கிறார். நன்றாக இருக்கிறார்கள் மாமா, மருந்து கொடுத்து இரண்டு நாள் ஆகிறது, கொஞ்சம் சுருங்கியிருக்கிறார்கள் என்றேன். "டீக் ஹை" என்று தலையாட்டினார்.

அன்றிலிருந்து தினம் இதுதான். மருந்து போனதும் அவங்களுக்குக் குமட்டுமா என்று கேட்பார். லேசாகக் குமட்டும் மாமா, இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும், இஞ்சி போட்டு மோர் குடித்தால் தேவலை என்பேன். தட்டில் இருக்கும் செல்லுக்கு ஏது குமட்டல், ஏது மோர்? அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முகத்தில் ஒன்றும் காட்டாமல் இரண்டு பேரும் பேசுவோம். முடி கொட்டுமா? கொட்டும் மாமா, நிறுத்தினால் முளைத்துவிடும். நாக்கில் ருசி தெரியாதா? கொஞ்ச நாளைக்குத் தெரியாது, எலுமிச்சை ஊறுகாய் தொட்டுக்கொள்ளலாம். மறுநாள் பார்த்தால் ஊறுகாய் ஜாடி பாதி காலியாகியிருக்கும். அப்பாவுக்கு இந்த வயதில் விஞ்ஞானத்தில் இவ்வளவு ஆர்வம் வந்துவிட்டதே என்று குமார் ஆச்சரியப்பட்டார். நான் மறுக்கவில்லை.

மருந்து உள்ளே போய் என்னதான் செய்கிறது என்று ஒருநாள் கேட்டார். ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது உள்ளே கயிறு கட்டி இரண்டு பக்கமும் இழுக்கும். அந்தக் கயிற்றை இந்த மருந்து விறைக்க வைத்துவிடும், பிரிய முடியாமல் செல் செத்துப்போகும் என்றேன். அதுவரை சரி. ஜீன் என்று ஆரம்பித்ததும் புருவத்தைச் சுருக்கினார். அப்புறம் அவர் டிப்போ எனக்கு ஞாபகம் வந்தது. மாமா, உங்கள் டிப்போ கோடவுனில் ஊசியிலிருந்து டயர் வரை எல்லாமே இருக்கும் இல்லையா. ஆனால் இன்றைக்கு என்ன இஷ்யூ ஆகிறது என்பதுதானே கணக்கு? ஒவ்வொரு செல்லிலும் ஜீன் என்ற சரக்கு முழுசாக இருக்கிறது. மருந்து போனதும் சில சரக்கு இஷ்யூ ஆவது நிற்கிறது, வேறு சரக்கு இஷ்யூ ஆகிறது. அதைத்தான் நாங்கள் பார்க்கிறோம் என்றேன். மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். ஸ்டாக் மாறவில்லை, இஷ்யூதான் மாறுகிறது என்று தனக்குத்தானே இரண்டு தடவை சொல்லிக்கொண்டார். அதற்கப்புறம் கல்லூரிப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கப் போனால் இந்த டிப்போ கதையைத்தான் சொல்கிறேன்.

இரண்டாவது டிரிப்புக்குப் பிறகு வலி பாதிக்குப் பாதி குறைந்தது. மாடிப்படி இறங்கிப் போய்ப் பால் வாங்கிவந்தார். மொட்டைத் தலையில் தொப்பி போட்டுக்கொண்டு, கீழ் வீட்டு மராத்திக்காரரோடு கிரிக்கெட் பேசினார்.

5

இந்த நேரத்தில்தான் என் ஆராய்ச்சியில் பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வாரம் கொடுத்துவந்தோம். பெரும்பாலான செல்கள் செத்துவிட்டன. ஆனால் கழுவுற மீனில் நழுவுற மீன் எங்கேயும் உண்டு. கொஞ்சம் செல்கள் தப்பிவிட்டன. அவற்றை மட்டும் பொறுக்கி எடுத்து, எந்த ஜீன் இஷ்யூ ஆகிறது என்று கண்ணாடிச் சில்லில் வைத்துப் பார்த்தோம். ஒரு சின்னச் சில்லில் ஆயிரக்கணக்கான புள்ளிகள். மருந்தால் கூடிய ஜீன் சிவப்பு, குறைந்தது பச்சை. கம்ப்யூட்டர் திரையில் படம் வந்தபோது சில புள்ளிகள் செக்கச்செவேலென்று நின்றன. ஒன்று, மருந்தைச் செல்லுக்குள் தங்கவிடாமல் வெளியே இறைத்துக் கொட்டும் பம்ப்புக்கான ஜீன். இன்னொன்று, செல் சாவதைத் தள்ளிப்போடும் ஜீன். திரும்பத் திரும்பச் செய்து பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் அதே புள்ளிகள், அதே சிவப்பு.

ஆராய்ச்சிக் கூடத்தில் இருப்பவர்களுக்கு இது எப்பேர்ப்பட்ட நாள் என்று சொல்லிப் புரியவைக்க முடியாது. மாசக்கணக்கில் பூஞ்சணம் பிடித்தும், கரண்ட் போயும், பார்சல் வராமலும் கெட்டுப்போன வேலைக்கு ஒரு தெளிவான பதில் கிடைத்திருக்கிறது. எங்கள் குழுவை நடத்தும் மேடம் உடனே ஆளை அனுப்பிப் பேடா வாங்கிவரச் சொன்னார். இந்த ஊரில் நல்ல சேதி என்றால் பேடா. பிள்ளை பிறந்தால் பேடா, பரீட்சையில் பாஸ் என்றால் பேடா, ஸ்கூட்டர் வாங்கினால் பேடா. நானும் வீட்டுக்கு ஒரு பெட்டி வாங்கிக்கொண்டேன்.

மாமா வழக்கம்போல் பால்கனியில் இருந்தார். அவங்க எப்படி என்று கேட்டார். செருப்பைக்கூடக் கழற்றாமல், ஒரு பேடாவை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

"தப்பிச்சிட்டாங்க மாமா. நாங்க குடுத்த மருந்த அப்படியே வெளிய தள்ளிட்டு நிக்காங்க. எத்தனை தடவ பாத்தாலும் அதே ரிசல்ட்டு."

எத்தனை பேர் என்று கேட்டார். கொஞ்சம் பேர்தான் மாமா, ஆனால் விட்டால் அந்தக் கொஞ்சம் பேரே தட்டு முழுக்க நிறைந்துவிடுவார்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அன்றைக்கு நான் தட்டைப் பற்றி மட்டும்தான் பேசினேன். வாரக்கணக்கில் அந்தப் பால்கனியில் நாங்கள் தட்டைப் பற்றி மட்டும் ஒருநாளும் பேசியதே இல்லை என்பது அந்தச் சந்தோஷத்தில் என் புத்திக்கு எட்டவில்லை.

மாமா பேடாவை முழுசாகத் தின்றார். நன்றாக இருக்கிறது என்றார். எழுந்து உள்ளே போய்விட்டார்.

6

மறுநாள் காலையில் பையைக் கட்டிக்கொண்டு நின்றார். தேஹு ரோடுக்குப் போகிறாராம். டிரிப் போதுமாம். ஏன் என்று குமார் கேட்டதற்கு வாய் கசக்கிறது என்றார். வாய் கசப்பதற்கா ஒரு மனுஷன் வைத்தியத்தை விடுவான் என்று குமார் கத்தினார். மாமா பதில் பேசாமல் ஆட்டோ பிடித்துப் போய்விட்டார். டாக்டருக்குப் போன் செய்தோம். நன்றாகத்தானே கேட்டுக்கொண்டிருந்தது, இந்த நேரத்தில் விட்டால் வலி மறுபடி ஏறிவிடும், எப்படியாவது அழைத்து வாருங்கள் என்றார். மூன்றாவது டிரிப்புக்குக் குறித்த நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. குமார் இரண்டு தடவை போய் வெறுங்கையோடு திரும்பிவந்தார்.

பேடாப் பெட்டி ஃபிரிட்ஜில் அப்படியே கிடந்தது. ப்ரியா இனிப்பென்றால் எறும்பு, அவள்கூடத் தொடவில்லை. ஏன்டி என்று கேட்டேன்.

"தாத்தா போலா... சொன்னாரு, கேன்சர் பாஸ் ஆயிடுச்சாம், தாத்தா ஃபெயிலாம். அதான் அம்மா மிட்டாய் குடுத்தாளாம்."

ஃபிரிட்ஜ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழவும் முடியவில்லை. உலகத்தில் எந்த மருமகளாவது மாமனாரின் நோய் பிழைத்துக்கொண்டதற்கு அவருக்கே இனிப்பு ஊட்டியிருப்பாளா?

அன்றைக்கு லீவு சொல்லிவிட்டு, கட்கி ஸ்டேஷனுக்குப் போய் லோனாவாலா லோக்கலில் ஏறினேன். வீடு பூட்டியிருந்தது. அந்த நேரத்தில் எங்கே இருப்பார் என்று தெரியும். பிளாட்பாரத்துப் பெஞ்சில், வடா பாவ் கடைக்குப் பக்கத்தில், தொப்பியோடு உட்கார்ந்து வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் இடம் விட்டு நானும் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் தண்டவாளத்தைப் பார்த்தோம். முகம் பார்க்க வேண்டாம் என்பதால் கொஞ்சம் தைரியம் வந்தது.

"மாமா, உங்களுக்கு ப்ராஸ்டேட்ல கேன்சர். அத நான் உங்ககிட்ட நேராச் சொல்லணும்."

ஒரு கூட்ஸ் வண்டி போனது. அது போய் முடிகிற வரைக்கும் இரண்டு பேரும் காத்திருந்தோம்.

"ஜெயிச்சது யாரும்மா? அவங்களா, நானா?"

"தட்டுல அவங்கதான் மாமா. ஆனா நான் சந்தோஷப்பட்டது அதுக்கில்ல. எந்த வழியாத் தப்பிக்காங்கன்னு கண்டுபிடிச்சிட்டோமேன்னுதான். வழி தெரிஞ்சா அடைக்கலாம்ல."

"எனக்கு அடச்சிடுவீங்களா?"

பொய் சொல்லிவிடலாமா என்று தோன்றியது. சொல்வது சுலபம். அடுத்த லோக்கலில் அழைத்துக்கொண்டு போய்விடலாம்.

"உங்களுக்கு இல்ல மாமா. அதுக்கு ரொம்ப வருஷம் ஆவும்."

மாமா தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். அப்படியானால் தனக்கு இந்த மருந்தால் என்னதான் பிரயோஜனம் என்று கேட்டார். வலி குறையும் மாமா, இப்போது குறைந்திருக்கிற மாதிரி. கொஞ்சக் காலம் நோயை அமுக்கி வைக்கும், அது எவ்வளவு காலம் என்று என் தட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. தட்டில் மருந்தும் செல்லும் மட்டும்தான் இருக்கிறது, உங்கள் உடம்பில் நீங்களும் இருக்கிறீர்கள் என்றேன். நானே யோசிக்காமல் வந்த பேச்சு அது.

"இத ஏம்மா முன்னாடியே சொல்லல?"

"நீங்க கேக்கலையே மாமா."

"தெனமும் கேட்டனேம்மா."

கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. மாமா எழுந்து போய் இரண்டு வடா பாவ் வாங்கிவந்து ஒன்றை என்னிடம் நீட்டினார். காரம் தூக்கலாக இருந்ததால் அழுததற்கு ஒரு காரணமும் கிடைத்தது. பையை எடுத்துக்கொண்டு நாளைக்கு வருகிறேன் என்றார். வந்தார்.

7

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் நல்ல மாதங்கள். மூன்றாவது டிரிப் ஏறியது, நான்காவது ஏறியது, இன்னும் சிலதும் ஏறின. நகம் கறுத்தது, கால் கொஞ்சம் வீங்கியது. ஆனால் வலி இல்லாமல் படுத்துத் தூங்கினார். கணபதி ஊர்வலத்தில் டோல் தாஷா மேளத்துக்கு ப்ரியாவின் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு ஆட்டம் போட்டார். டிரிப் எல்லாம் முடிந்து, தீபாவளிக்குள் தலையில் கோழிக்குஞ்சு ரோமம் போல் முடி முளைத்தது. அதைச் சீப்பால் வாரிவிட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்பார்.

பால்கனிப் பேச்சும் மாறிவிட்டது. அவங்க, இவங்க என்பதெல்லாம் போய்விட்டது. எனக்கு இன்றைக்கு இடுப்பில் வலி, எனக்கு இன்றைக்கு மூத்திரம் எரிகிறது என்று நேராகவே சொல்வார். நானும் நேராகவே பதில் சொல்வேன். நாங்கள் ஆரம்பித்தால் குமார் டீவியின் சத்தத்தைக் கூட்டுவார். ப்ரியாவுக்குத் தபால்காரர் வேலை போய்விட்டது. அவள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. காலையில் அவர் ரத்தப் பரிசோதனைக்குப் போவார், நான் என் தட்டுகளுக்குப் போவேன். எங்கள் ஆராய்ச்சியும் ஒரு பத்திரிகையில் வந்தது. அதை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, படம் நன்றாக இருக்கிறது, இங்கிலீஷ்தான் கொஞ்சம் கடினம் என்றார்.

பிப்ரவரியில் டாக்டர் எங்களைக் கூப்பிட்டார். ரத்தத்தில் நோயைக் காட்டும் எண்ணிக்கை ஏறிவிட்டது, ஸ்கேனில் எலும்பில் புதிதாகத் தெரிகிறது, மருந்து இனிமேல் கேட்காது என்றார். எவ்வளவு காலம் என்று குமார் கேட்கவில்லை. நான் கேட்டேன். டாக்டர் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் குமார் ஸ்கூட்டரை நிறுத்துகிற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். நீ முன்னால் போ என்றார். நான் மட்டும் ஏறிப்போனேன்.

மாமா பால்கனியில் இருந்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"இஷ்யூ மாறிடுச்சா?"

"மாறிடுச்சு மாமா."

"அப்போ உன் ரிசல்ட்டு கரெக்ட்டு."

தப்பாக இருந்திருக்கலாம் மாமா என்றேன். தப்பாக வரட்டும் என்று எந்த ஆராய்ச்சிக்காரியும் வேண்டிக்கொள்ள மாட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற வழியெல்லாம் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து நான் அதைத்தான் வேண்டிக்கொண்டு வந்தேன். மாமா சிரித்தார். கவர்மென்ட் பிராஜெக்ட் தப்பாகப் போனால் உன்னைச் சும்மா விட்டுவிடுவானா என்றார். நான் நின்ற இடத்திலேயே அழுதேன். வழக்கமாகத் தெருவைப் பார்க்கிறவர், அன்றைக்குப் பார்வையைத் திருப்பவில்லை.

"டாக்டர் எத்தினி நாளு சொன்னாரு? குமாரக் கேட்டா அழுவான். நீ சொல்லும்மா."

சொன்னேன். ஜூனில் மழை பிடிக்கும் வரை தாங்குவது கஷ்டம் என்று டாக்டர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

மாமா மடியில் இருந்த துண்டை எடுத்து மெதுவாக மடித்தார். ப்ரியாவுக்குப் பரீட்சை என்றைக்கு முடிகிறது என்று கேட்டார். ஏப்ரல் கடைசியில் என்றேன். நடுவில் குழந்தைக்குத் தொந்தரவாக ஆகிவிடக் கூடாதே என்றார்.

"அதுவரைக்கும் இருப்பனாம்மா?"

"இருப்பீங்க மாமா."

இருந்தார்.